மாவோரிப் படகின் நீர் இறைவை: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

ஊரிலிருந்து யார் வந்தாலும் ஆக்லாந்து அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போவது எங்கள் வீட்டு வழக்கம். நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளின் கூடத்தில் இருக்கும் பெரிய போர்ப்படகைப் பார்த்ததும் எல்லோரும் அப்படியே நின்றுவிடுவார்கள். நியூசிலாந்தின் எந்த அருங்காட்சியகத்துக்குப் போனாலும், படகு சம்பந்தப்பட்ட சின்னச் சாமான்களுக்கு நடுவே செதுக்கிய மர முறம் போல ஒன்று கண்ணில் பட்டால் "இது என்ன?" என்ற கேள்வி வந்துவிடும். அந்த ஒரு கேள்வியிலிருந்து பத்து சந்தேகம் கிளம்பும். ஊருக்குத் திரும்பிய பிறகும் வாட்ஸ்அப்பில் படத்தைப் போட்டுக் கேட்பார்கள்.

ஒரே பதிலைப் பலமுறை சொல்லியாகிவிட்டதால், கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, பதிலையும் சேர்த்து வைத்திருக்கிறேன். வரிசையாகப் படிப்பது நல்லது. பின்னால் வரும் பதில்களில் முன்னால் சொன்னதை மறுபடி சொல்லவில்லை.

1. படகுல தேங்குற தண்ணியை அள்ளிக் கொட்டுற சாமான்தானே? இதுக்குப் போய் எதுக்கு இவ்வளவு வேலைப்பாடு?

வேலை அதுதான். வடிவத்துக்கு நம் வீட்டு முறத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பின்பக்கமும் இரண்டு ஓரமும் உயர்ந்திருக்கும், முன்பக்கம் திறந்து தட்டையாக இருக்கும். அதையே ஒரே மரக்கட்டையில் ஆழமாகக் குடைந்து, அடிப்பாகத்தை வளைவாக்கினால் இறைவை. நீளம் பெரும்பாலும் ஒரு முழத்துக்கு முன்னே பின்னே இருக்கும். பின்சுவரிலிருந்து ஒரு கைப்பிடி முளைத்து, குழிவுக்கு மேலாக முன்னோக்கி நீளும். ஒட்டு கிடையாது, ஆணி கிடையாது.

வேலைப்பாடு ஏன் என்பதற்குப் படகிலிருந்து தொடங்க வேண்டும். மாவோரிகளின் போர்ப்படகில் முன்முனை, பின்முனை, பக்கப்பலகை எல்லாம் சிற்பம்தான். படகு ஒரு குலத்தின் மதிப்பு. அதில் ஏறும் துடுப்பும் இறைவையும் அந்த மதிப்புக்கு வெளியே நிற்பதில்லை. தேரைச் செதுக்கியவர், யார் கண்ணிலும் படாத அடித்தட்டிலும் யாளியைச் செதுக்கிவிட்டுத்தானே போயிருக்கிறார்.

2. இதுக்கு மாவோரி மொழியில 'தாத்தா'ன்னு பேராமே?

தாத்தா இல்லை, 'தத்தா'. முதல் எழுத்து குறில், இரண்டாவது நெடில். 'தீஹெரு' என்றும் சொல்வார்கள். இடத்துக்கு இடம் வழக்கு மாறும். அருங்காட்சியக அட்டைகளில் இந்த இரண்டில் ஒன்றுதான் அதிகம் கண்ணில் படும்.

இதன் வேர் 'தா' என்ற சொல். தண்ணீரை இறைப்பதற்கும் தா, அடிப்பதற்கும் தா, உளியால் தட்டிப் பச்சை குத்துவதற்கும் தா. மாவோரிகள் முகத்தில் குத்திக்கொள்ளும் 'தா மோக்கோ' கேள்விப்பட்டிருப்பீர்கள், அதே தாதான். கையை ஓங்கி ஒரே தாளத்தில் திரும்பத் திரும்பச் செய்யும் வேலைகள் எல்லாம் இந்தச் சின்னச் சொல்லில் அடங்கியிருப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

3. நல்லா கட்டின படகுன்னா தண்ணியே உள்ள வரக்கூடாதே?

வரும். பெரிய போர்ப்படகு ஒரே மரத்தைக் குடைந்தது மட்டும் இல்லை. நடுப்பகுதிக்கு ஒரு மரம், நீளம் போதாவிட்டால் முன்னாலும் பின்னாலும் ஒட்டுத்துண்டு, அதற்கு மேல் இரண்டு பக்கமும் உயரத்துக்குப் பலகை. இவை எல்லாவற்றையும் ஆணியில்லாமல், துளை போட்டு, ஹரக்கெக்கே என்ற தாழை போன்ற செடியின் நாரில் திரித்த கயிற்றால் இறுக்கிக் கட்டியிருப்பார்கள். சந்துகளில் கோரை இனச் செடியின் பஞ்சை அடைத்து, மேலே மெல்லிய சட்டம் வைத்துக் கட்டுவார்கள். எவ்வளவு இறுக்கினாலும் அலையில் மரம் அசையும், கயிறு கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். தையல் வழியாகத் தண்ணீர் கசியும்.

கசிவை விட அலைதான் பெரிய தொல்லை. நீளத்தோடு ஒப்பிட்டால் படகின் விளிம்பு உயரம் குறைவு. கடல் கொஞ்சம் பொங்கினாலும் தெறித்து உள்ளே விழும். வெளியேற்ற மோட்டார் இல்லாத காலத்தில், இறைப்பவர் கை நின்றால் படகு கனத்துத் தாழும். தாழ்ந்தால் இன்னும் அதிகம் தண்ணீர் ஏறும்.

4. அத்தனை பேர் நெருக்கி உக்காந்து துடுப்புப் போடுறாங்க. நடுவுல எங்க உக்காந்து இறைப்பாங்க?

அதற்கென்று இடம் விட்டிருப்பார்கள். படகின் அடியில் ஆட்கள் நேரே உட்காருவதில்லை. மானுக்கா போன்ற உறுதியான கழிகளை வரிசையாகக் கட்டி ஒரு தட்டு போட்டிருக்கும். தண்ணீர் அந்தத் தட்டுக்குக் கீழே தேங்கும். தட்டில் குறிப்பிட்ட இடங்களில் திறப்பு விட்டிருப்பார்கள். பெரிய படகென்றால் ஒன்றுக்கு மேற்பட்ட திறப்புகள் இருக்கும்.

அந்தத் திறப்புக்குப் பெயர் 'புனா வை'. புனா என்றால் ஊற்று, வை என்றால் நீர். இறைக்க இறைக்க மறுபடி ஊறுவதால் அந்த இடத்தை ஊற்று என்று அழைத்திருக்கிறார்கள். கிணற்றங்கரையில் வளர்ந்த எவருக்கும் அது உடனே புரிந்துவிடும்.

5. கைப்பிடி ஏன் உள்பக்கம் இருக்கு? கரண்டி மாதிரி வெளிய நீட்டிக்கிட்டு இருந்தா வசதிதானே?

கையில் பிடித்துப் பார்க்காதவரை எல்லோருக்கும் இது தலைகீழாகத்தான் தோன்றும். நீளப் பிடி வெளியே இருந்தால் தண்ணீரின் கனம் எல்லாம் பிடிக்கு எதிர்முனையில் இருக்கும். ஒவ்வொரு முறை தூக்கும்போதும் மணிக்கட்டு முறுக்கிக்கொள்ளும். பிடி குழிவுக்கு மேலேயே இருந்தால் கை நேராகச் சுமைக்கு மேல் இருக்கும். முன்னே தள்ளி அள்ளி, அப்படியே தூக்கி, பக்கவாட்டில் வீசிவிடலாம். குறுகலான திறப்புக்குள் விட்டு எடுக்கும்போது பிடி எதிலும் இடிக்காது, பக்கத்தில் இருப்பவர் முழங்காலிலும் படாது.

வடிவத்தையும் கவனியுங்கள். அடிப்பாகத்தின் வளைவு, குடைந்த படகின் உட்புற வளைவோடு ஒத்துப்போகும். தட்டையான வாளியால் அந்த வளைவில் கடைசித் தண்ணீரை எடுக்க முடியாது. இறைவையின் மெல்லிய முன்விளிம்பு மரத்தை ஒட்டி வழித்துக்கொண்டு வந்துவிடும்.

6. எந்த மரத்துல செய்வாங்க? எதை வச்சுச் செதுக்குவாங்க?

படகுக்கு வடக்கே கௌரி மரமும் (ஆமாம், நம் கௌரி மாதிரியேதான் ஒலிக்கும்), மற்ற இடங்களில் பெரும்பாலும் தோத்தரா மரமும் பயன்பட்டன. தோத்தரா நேரான இழை உள்ளது, சீக்கிரம் உளுக்காது, செதுக்க வாகானது. இறைவைக்குத் தேவை ஈரத்திலும் வெயிலிலும் மாறி மாறிக் கிடந்தாலும் வெடிக்காத ஒரு கட்டை.

ஐரோப்பியர் வருவதற்கு முன் கருவி பெரும்பாலும் கல். பச்சைக்கல்லிலும் கெட்டியான கருங்கல் வகைகளிலும் வாய்ச்சியும் உளியும் செய்து தீட்டிக்கொண்டார்கள். 1769-இல் ஆங்கிலேயக் கடலோடி ஜேம்ஸ் குக்கின் கப்பல் வந்த பிறகு இரும்பு மெல்ல மெல்லக் கைக்கு வந்தது. இரும்பு உளியின் கோடு ஆழமாக, கூர்மையாக விழும். கல் உளியின் கோடு கொஞ்சம் மழுங்கி, மென்மையாக இருக்கும். பழைய இறைவை ஒன்றைச் சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால் அந்த மென்மை தெரியும். குழிவான உட்புறத்தை அவர்கள் கல்லால் இவ்வளவு மெல்லிய சுவராக எடுத்ததுதான் எனக்குச் சிற்பத்தை விடப் பெரிய வித்தையாகத் தோன்றுகிறது.

7. அந்த முகம் யாரோடது? பார்த்தா பயமா இருக்கு. காவல் தெய்வமா, பேயா?

பேய் இல்லை. மாவோரிச் சிற்பத்தில் மனித முகம் என்றால் பொதுவாக மூதாதையை நினைக்க வேண்டும். குலத்தின் கூட்ட மண்டபத்துத் தூண்களில் நிற்பவர்களும் மூதாதையர்தான். தனிப்பட்ட ஒருவரின் சாயலாக அதைச் செதுக்குவதில்லை. பெரிய கண், திறந்த வாய், நீட்டிய நாக்கு எல்லாம் உயிரோடும் வீரியத்தோடும் இருக்கிறார் என்பதற்கான வழிமுறை. நாக்கை நீட்டுவது எதிராளியை அறைகூவும் செயல். ஹாக்கா என்ற மாவோரிப் போர் நடனத்தில் பார்த்திருப்பீர்கள். கண்ணில் பாவுவா சிப்பியைப் பதித்தால் நீலமும் பச்சையுமாக மின்னும்.

இறைவையில் முகம் பெரும்பாலும் பின்பக்கம், கைப்பிடி வேர் விடும் இடத்தை ஒட்டி வரும். சிலவற்றில் கைப்பிடியே அந்த முகத்தின் வாயிலிருந்து புறப்படுவது போலச் செதுக்கியிருப்பார்கள். நான் மிகப் பக்கத்தில் பார்த்த ஒன்றில் கைப்பிடியின் மேற்பரப்பு மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது. முகத்தின் கோடுகள் அப்படியே கூராக இருந்தன. விரல்கள் போகும் பாதையை விட்டு ஒதுங்கித்தான் முகத்தை வைத்திருக்கிறார் செதுக்கியவர். பிடித்தவர் கை வழுக்காது, மூதாதை முகமும் தேயாது.

8. கோடு, சுழி, பல்லுப்பல்லா இருக்குறது... ஒவ்வொண்ணுக்கும் அர்த்தம் சொல்லி ஒரு பட்டியல் கிடைக்குமா?

கிடைக்கும், சுற்றுலாக் கடை அட்டைகளில். "சுழி என்றால் புது வாழ்வு, முறுக்கு என்றால் நட்பு" என்று ஒரு வரியில் எழுதியிருப்பார்கள். அதை வைத்து ஒரு பழைய இறைவையைப் படிக்க முயன்றால் தப்பான இடத்துக்குத்தான் போய்ச் சேருவோம். கோலத்தில் ஒவ்வொரு சுழிக்கும் ஒரு பொருள் சொல்லும்படி நம் பாட்டியைக் கேட்ட மாதிரிதான் அது. பாட்டிக்குக் கோலத்தின் பெயரும் எந்த நாளுக்கு எது என்பதும் தெரியும், சுழிக்குச் சுழி அகராதி இருக்காது.

வடிவங்களுக்குப் பெயர்கள் உண்டு. இணையாக ஓடும் பள்ளக் கோடுகள் 'ஹாயிஹாயி'. அவற்றுக்கு நடுவே வரும் பல் வரிசை 'பாக்கத்தி'. இரண்டும் சேர்ந்து வருவது 'ரௌபோங்கா'. போங்கா என்னும் மரப்பெரணியின் இலையிலிருந்து வந்த பெயர். சுழி, விரியாத பெரணித் தளிரின் உருவம். 'மனாயா' என்று பக்கவாட்டில் திரும்பிய பறவைத்தலை உருவமும் வரும். எந்தக் குலம் எதை எப்படிச் சேர்க்கிறது என்பதில்தான் பொருள் இருக்கிறது. அதை அந்தக் குலத்தவர் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டும்.

9. எல்லா இறைவையிலும் சிற்பம் இருக்குமா?

இருக்காது. மீன்பிடிக்கும் படகுக்கும் ஆற்றைக் கடக்கும் படகுக்கும் வெறும் இறைவையே போதும். அவை தேய்ந்ததும் தூக்கிப் போட்டிருப்பார்கள், அதனால் கண்ணாடிப் பெட்டிக்குள் வந்து சேர்ந்தவை குறைவு. நாம் அருங்காட்சியகத்தில் பார்ப்பது மேல்தட்டுப் படகுகளின் சாமான்.

10. சரி, சுத்தி வளைக்காம சொல்லுங்க. இறைவை எதைத்தான் குறிக்குது?

ஒரே வரியில் சொல்ல முடியாது. ஆனால் நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன், இது என் வாசிப்பு. மாவோரிப் புராணத்தில் வானத்தந்தைக்கும் பூமித்தாய்க்கும் பிறந்த பிள்ளைகளில் 'தானே மஹுத்தா' என்பவர் காட்டுக்கு உரியவர், தங்கரோவா கடலுக்கு உரியவர். இருவருக்கும் தீராத சண்டை. தானே மஹுத்தா தன் மரத்தைப் படகாகவும் தூண்டிலாகவும் மனிதருக்குக் கொடுத்துத் தங்கரோவாவின் மீன்களைப் பிடிக்க வைக்கிறார். தங்கரோவா பதிலுக்கு அலையை எழுப்பிப் படகைக் கவிழ்க்கிறார், கரையை அரிக்கிறார்.

இந்தச் சண்டை நடக்கும் இடம்தான் 4-ஆம் பதிலில் சொன்ன அந்தத் திறப்பு. உள்ளே வருவது தங்கரோவாவின் நீர். அதை வெளியே தள்ளுவது தானே மஹுத்தாவின் மரத்தில் செய்த பாத்திரம். நடுவில் மூதாதையின் முகம். அலை பெரிதாக இருக்கும் நாளில் அதைக் கையில் வைத்திருப்பவருக்கு இது உருவகமாகத் தோன்றியிருக்காது, கண் முன்னால் நடப்பதாகவே தோன்றியிருக்கும். இறைவையின் குறியீடு அதன் மேல் உள்ள கோட்டில் இருப்பதை விட, அதைக் கொண்டு செய்யும் வேலையில்தான் அதிகம் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். இதைத்தான் எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

11. மரத்தை வெட்டுறதுக்கு முன்னாடி பூசை செய்வாங்களா?

'கரக்கியா' என்ற மந்திரம் சொல்லி, தானே மஹுத்தாவிடம் அனுமதி கேட்டுத்தான் வெட்ட வேண்டும். ராத்தா என்பவனின் கதை இதற்காகவே சொல்லப்படுகிறது. அவன் படகுக்கு ஒரு மரத்தைச் சடங்கில்லாமல் வெட்டிச் சாய்த்துவிட்டு வீட்டுக்குப் போகிறான். மறுநாள் வந்து பார்த்தால் மரம் நிமிர்ந்து நிற்கிறது. மறுபடி வெட்டுகிறான், மறுபடி நிற்கிறது. ஒளிந்திருந்து பார்க்கும்போது, காட்டுப் பறவைகளும் பூச்சிகளும் ஒவ்வொரு சிராயாகப் பொறுக்கிச் சேர்த்து மரத்தை எழுப்புவது தெரிகிறது. தவறை உணர்ந்த பிறகு அவைகளே அவனுக்குப் படகு செய்து கொடுக்கின்றன.

12. இதுல தண்ணி குடிக்கலாமா? சமையலுக்குப் பயன்படுத்துவாங்களா?

போர்ப்படகு 'தாபு' உள்ளது. புனிதம், விலக்கு, கட்டுப்பாடு மூன்றும் சேர்ந்த சொல் அது. ஆங்கிலத்தின் 'டேபூ' பாலினேசியா என்னும் பசிபிக் தீவுக் கூட்டத்தின் மொழிகளிலிருந்து போனதுதான். இதற்கு எதிர்நிலை 'நோவா', அதாவது கட்டற்ற, சாதாரண நிலை. சமைத்த உணவு தாபுவைப் போக்கிவிடும். அதனால் போர்ப்படகையும் அதன் இறைவையையும் சமைத்த சோற்றிலிருந்து விலக்கியே வைப்பார்கள்.

மாவோரி வீடுகளில் இன்றைக்கும் தலை சம்பந்தப்பட்டதும் சாப்பாடு சம்பந்தப்பட்டதும் கலக்காது. தலையணை மேல் உட்காரக் கூடாது, சாப்பாட்டு மேசை மேல் உட்காரக் கூடாது. எச்சில், தீட்டு, மடி என்று பழகிய நமக்கு இந்த ஒழுங்கைப் புரிந்துகொள்வது கஷ்டமில்லை, விதிகள் வேறாக இருந்தாலும். இறைவையின் படத்தைச் சாப்பாட்டுத் தட்டில் அச்சடித்து விற்பது ஏன் அவர்களுக்கு வருத்தம் தரும் என்பதும் புரியும்.

13. படகுக்குப் பேர் வைக்கிற மாதிரி இறைவைக்கும் வைப்பாங்களா?

வைத்திருக்கிறார்கள். மாவோரிகள் தங்கள் மூதாதையர் வந்த படகுகளின் பெயரைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள்: தைனுயி, தெ அராவா, ஆவோதெயா என்று பல. தூரி என்ற தலைவர் ஏறி வந்த ஆவோதெயா படகின் மரபில் படகு, துடுப்பு, இறைவை எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. தன்னை யாரென்று சொல்லும்போது, மலையையும் ஆற்றையும் சொல்வதோடு எந்தப் படகின் வழி என்பதையும் சொல்வது இன்றும் வழக்கம். அந்தப் படகை மிதக்க வைத்த பொருளுக்கும் பெயர் இருப்பது நியாயம்தானே.

14. கிடைச்சதிலேயே பழசு எது? மரம் இவ்வளவு நாள் எப்படித் தாங்குது?

எனக்கு மிகவும் பிடித்த கண்டெடுப்பு, தெற்குத் தீவில் கிறைஸ்ட்சர்ச் பக்கத்தில் உள்ள மாங்க்ஸ் குகை. முன்பக்கம் நிலச்சரிவில் மூடிக் கிடந்த குகை அது. 1889-இல் தற்செயலாகத் திறந்தது. உள்ளே ஆட்கள் இப்போதுதான் எழுந்து போனது போலச் சாமான்கள் கிடந்தன. மோவா என்ற, அழிந்துபோன மாபெரும் பறவையின் எலும்புகள், துடுப்பு, சின்ன நாய்ச் சிற்பம், இவற்றோடு ஒரு மர இறைவையும் இருந்தது. மோவாவை வேட்டையாடிய ஆரம்பக் காலத்து மக்களிடமே இறைவை இருந்தது என்பதற்கு அது சாட்சி.

மரம் தாங்க இரண்டு வழி. ஒன்று, இது மாதிரி காய்ந்த, மூடிய குகை. இன்னொன்று சதுப்பு. சேற்றில் காற்று புகாததால் மரம் மக்காது. சண்டைக் காலங்களில் மாவோரிகள் மதிப்பான சிற்பங்களைக் கழற்றி வேண்டுமென்றே சதுப்பில் புதைத்து வைத்தார்கள். புதைத்தவர்கள் திரும்பி வராமல் போனபோது அவை நூறு, நூற்றைம்பது ஆண்டு அங்கேயே கிடந்தன. 2012-இல் அனவெக்கா என்ற இடத்தில் புயலுக்குப் பிறகு மணலிலிருந்து வெளிவந்த படகுப் பலகை சுமார் 6 மீட்டர் நீளம். அதன் காலம் ஏறக்குறைய கி.பி. 1400.

15. இது மாவு அள்ளுற கரண்டின்னு ஒரு தளத்துல போட்டிருந்தாங்களே?

தவறு. பழைய ஏலப் பட்டியல்களில் இப்படிக் குழப்பம் வருவதுண்டு. இன்னொரு குழப்பம் 'கோரெரெ' என்ற செதுக்கிய மரப் புனலோடு. அது முகத்தில் புதிதாகப் பச்சை குத்திக்கொண்ட தலைவருக்கு, புண்ணில் படாமல் உணவை வாய்க்குள் விடுவதற்கானது. அதில் அடியில் ஓட்டை இருக்கும். முன்பக்கம் திறந்து, பிடி உள்ளே இருந்தால் இறைவை.

16. மத்த தீவுகள்லயும் இப்படி உண்டா, இல்ல மாவோரிகளோட கண்டுபிடிப்பா?

உள்நோக்கிய கைப்பிடி பாலினேசியா முழுக்கப் பழக்கமானது. சொல்லும் கூடவே பயணம் செய்திருக்கிறது. தஹிதியிலும் தத்தா என்ற சொல் உண்டு. ஹவாயில் 'த' ஒலி 'க' ஆகிவிடும், அங்கே இறைப்பது 'கா'. நியூசிலாந்தின் பெரிய மரங்களும், அங்கே தழைத்த செதுக்குக் கலையும் சேர்ந்தபோது அதே கருவி சிற்பமாக மாறியது.

17. நியூசிலாந்துல தமிழ் எழுத்துள்ள கப்பல் மணி கிடைச்சதே. அப்ப தமிழர் படகுக்கும் இதுக்கும் தொடர்பு இருக்குமோ?

இந்தக் கேள்வி கட்டாயம் வரும். மணி உண்மை. வில்லியம் கொலென்சோ என்ற பாதிரியார் 1830-களில் வங்காரெய் பக்கம் மாவோரிகளிடம் அதைப் பார்த்தார். உடைந்த வெண்கல மணியை அவர்கள் கிழங்கு வேகவைக்கும் பாத்திரமாக வைத்திருந்தார்கள். மேலே 'முகைதீன் வக்குசு' என்பவரின் கப்பல் மணி என்று தமிழில் எழுத்து. இப்போது வெலிங்டனில் தெ பாப்பா அருங்காட்சியகத்திடம் இருக்கிறது. போனால் தவறாமல் விசாரித்துப் பாருங்கள்.

ஆனால் அதற்கும் இறைவைக்கும் ஒட்டு உறவு எதுவும் இல்லை. 16-ஆம் பதிலில் சொன்ன மாதிரி இறைவையின் வடிவமும் பெயரும் பசிபிக் தீவுகளுக்கு உள்ளேயே தெளிவாக வழி காட்டுகின்றன. நம் பெருமைக்காக இன்னொருவர் கைவேலையை நம்முடையது என்று சொல்ல வேண்டியதில்லை.

18. இப்ப யாராவது இதைப் பயன்படுத்துறாங்களா?

போர்ப்படகுகள் இன்றும் நீரில் இறங்குகின்றன. வைத்தாங்கியில் உள்ள 'ங்கா தோக்கி மத்தாஃபாவோருவா' 35 மீட்டருக்கும் அதிக நீளம். மாவோரிகளும் பிரிட்டிஷாரும் செய்த வைத்தாங்கி ஒப்பந்தத்தின் 1940 நூற்றாண்டு விழாவுக்காக கௌரி மரங்களில் கட்டியது. பிப்ரவரி 6, வைத்தாங்கி நாளில் அதைப் பார்க்கலாம். எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்தால்தான் ஓட்ட முடியும். ஆக்லாந்தில் நான் முதலில் சொன்ன படகு 'தெ தோக்கி ஆ தாபிரி', 1836 வாக்கில் வைரோவா பக்கம் கட்டியது, 25 மீட்டர். அரசுக்கும் மாவோரிகளுக்கும் நடந்த 1863 போரின்போது அரசுப் படை பறிமுதல் செய்தது. அது இனி தண்ணீரைக் காணாது.

அன்றாடப் பந்தயப் படகுகளில் பிளாஸ்டிக் கேனை வெட்டித்தான் இறைக்கிறார்கள். துணைமிதவை கட்டிய படகில் ஒருமுறை நானும் ஏறி, கணுக்கால் வரை ஏறிய தண்ணீரை அரைமணி நேரம் அப்படி இறைத்தேன். கவனித்துப் பாருங்கள்: பால் கேனின் பிடியை விட்டுவிட்டு, அடியைச் சாய்வாக வெட்டி எடுப்பார்கள். பிடி குழிவுக்கு மேலே வரும், முன்விளிம்பு மெல்லியதாக இருக்கும். கிட்டத்தட்ட தத்தாவின் அதே வடிவம். 5-ஆம் பதிலில் சொன்ன மணிக்கட்டு விஷயம் எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

19. இணைய ஏலத்துல ஒண்ணு வந்திருக்கு, '18-ஆம் நூற்றாண்டு'ன்னு போட்டிருக்கு. வாங்கலாமா?

அவசரப்படாதீர்கள். மாவோரிப் பொருள்களுக்கு நூறு வருடமாகப் போலிகள் உண்டு. இங்கிலாந்தில் ஜேம்ஸ் எட்வர்ட் லிட்டில் என்ற வியாபாரி தானே செய்து பழசாக்கி விற்றதில் பேர் போனவர், அவர் கைவேலை சேகரிப்புகளுக்குள்ளேயே புகுந்திருக்கிறது. பளபளப்பும் கருமையும் பூசி வரவழைக்கக்கூடியவை. நான் முதலில் பார்ப்பது தேய்மானம்: உண்மையில் இறைத்த இறைவை முன்விளிம்பில், பெரும்பாலும் ஒரு பக்கமாக, தேய்ந்திருக்கும். கைப்பிடியின் அடிப்பக்கமும் தேய்ந்திருக்க வேண்டும். எல்லாப் பக்கமும் சமமாக மழுங்கியிருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். அதற்கும் மேலே முக்கியமானது, யாரிடமிருந்து யாருக்குப் போனது என்ற தொடர்ச்சியான எழுத்துச் சான்று.

சட்டமும் உண்டு. நியூசிலாந்தின் 1975-ஆம் ஆண்டுப் பாதுகாக்கப்பட்ட பொருள்கள் சட்டப்படி, 50 வருடத்துக்கு மேற்பட்ட மாவோரி மரபுப் பொருளை அனுமதியில்லாமல் நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. மோட்டுநுயி சிற்பப் பலகைகள் ஐந்து, 1970-களில் சதுப்பிலிருந்து எடுக்கப்பட்டு நாட்டுக்கு வெளியே கள்ளத்தனமாகக் கடத்தப்பட்டவை. 2014-இல்தான் திரும்பி வந்தன. வந்தபோது தாரனாக்கிப் பகுதிக் குலத்தவர் உறவினரை வரவேற்பது போல அழுதார்கள். இவற்றுக்கு அவர்கள் சொல்லும் பெயர் 'தாவோங்கா', அதாவது காக்க வேண்டிய செல்வம். சுவரில் மாட்ட ஆசையிருந்தால், இன்றைய மாவோரிச் செதுக்குநர் ஒருவரிடம் கேட்டு, அவர் பெயரோடு வாங்குங்கள். ரோட்டோருவாவில் செதுக்குப் பள்ளியே இருக்கிறது.

20. எனக்கு மர வேலை கொஞ்சம் தெரியும். நானே ஒண்ணு செதுக்கிப் பார்க்கலாமா?

வடிவத்தைச் செய்யுங்கள், தாராளமாக. வேப்பங்கட்டையோ பூவரசங்கட்டையோ போதும். முதலில் வெளிவளைவை எடுங்கள், அப்புறம் உட்புறம். கைப்பிடிக்குக் கீழே குடைவதுதான் கஷ்டம், உளி நேராக உள்ளே போகாது. பக்கவாட்டில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாக வர வேண்டும். பிடிக்கும் அடிக்கும் இடையே நான்கு விரல் மடங்கிப் போகும் இடம் வேண்டும். பிடி பின்சுவரோடு சேரும் இடத்தில் மரத்தின் இழை குறுக்கே ஓடினால் முதல் வாரத்திலேயே ஒடிந்துவிடும்.

முகத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அது இன்னொருவர் வீட்டுப் பெரியவரின் முகம். செய்து முடித்ததும் குளத்திலோ தொட்டியிலோ போட்டு நாலு அள்ளு அள்ளிப் பாருங்கள். தண்ணீர் முன்விளிம்பில் சிந்தாமல் முழுசாக வந்தால் வளைவு சரியாக விழுந்திருக்கிறது.